குடிக்கக் கூடாத குப்பிக்குச் சிவப்பு நூல்

என் வலது கையில் ஒரு குப்பி, இடது கையில் ஒரு குப்பி. எதிரே கூடம் நிறைய ஆண்கள். அதில் பாதிப் பேர் சட்டை போடவில்லை.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் இருந்த ஒரு வாடகை பங்களா அது. வெளியே மழையா சாரலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஈரம். ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். காற்றில் எங்கோ கம்பி அறுந்து கரண்டும் போயிருந்தது. நடுப்பகலிலேயே கூடத்தில் முகம் தெரிந்தும் தெரியாமலும் ஓர் அரையிருட்டு. எண்ணெய்க் குளியல் போட்ட உடம்புகளின் வாசனையும் கொல்லைப்புறத்தில் கொதித்த கோழிக் குழம்பின் வாசனையும் சேர்ந்து கூடத்தை நிறைத்திருந்தன.

"ஏம்மா, வெரசாச் சொல்லி முடி. கோழி வெந்துட்டு, எல போடணும்" என்றார் நடுவில் நாற்காலியில் இருந்தவர். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்தான் வேலாயுதம் அண்ணாச்சி. தென்காசி வட்டாரத்து மருந்துக்கடைக்காரர்களும் கம்பவுண்டர்களும் சேர்ந்து வைத்திருந்த சங்கத்துக்குத் தலைவர். வருடா வருடம் சீசனில் குற்றாலத்தில் கூடுவார்கள். கூட்டம் என்று பெயர். குளியலும் சாப்பாடும்தான் காரியம். அந்த வருடக் கூட்டத்தில் பார்மசி மாணவர்கள் மூன்று பேருக்குப் பேசக் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தார்கள்.

அந்த மூன்று பேரில் நான் ஒருத்தி. ஆனால் பேச வேண்டியவன் சண்முகம். ஆய்க்குடிக்காரன், பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவன். அவன் இப்போது வாசற்படி ஓரமாகக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றான். தொண்டையிலிருந்து வெறும் காற்று மட்டும் வந்தது. முந்தின நாள் முழுக்க அருவியில் கிடந்ததற்குக் கிடைத்த பரிசு. 'பேசு, பேசு' என்று என்னைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினான்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு குப்பியை அவன் தலையில் போட்டு உடைத்திருப்பேன். இரண்டு குப்பியும் தேவைப்பட்டதால் விட்டுவிட்டேன்.

கலக்குகிற படிப்பு

சென்ற வாரம் இந்தத் தொடரில் மதுரை விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை போன் போட்டுச் சண்டை பிடித்தாள். "தின்னதப் பத்தியே எழுதுதியே, படிச்சதப் பத்தி எப்ப எழுதப் போற?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் ஆரம்பம். தென்காசியில் அப்பாவுக்குத் தபால் ஆபீசில் வேலை. நான் மதுரைக்குப் பார்மசி படிக்கப் போகிறேன் என்றதும் எங்கள் தெருவில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று விளங்கவில்லை. கோயில் முடிந்து வெளியே வந்தால், அதாவது எங்கள் மாதா கோயில், ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். "டாக்டருக்கா படிக்க?" இல்லை. "அப்ப நர்சுக்கா?" இல்லை. "பொறவு?"

மருந்து கலக்கிக் கொடுக்கிற படிப்பு என்று அம்மா விளக்கம் சொல்லுவாள். கையோடு, "வீட்டுல ஒரு கொழம்பு கூட்டத் தெரியாது, இவ மருந்து கலக்கப் போறாளாம்" என்றும் சேர்த்துக்கொள்வாள். பெற்ற தாய் இப்படி விளம்பரம் செய்தால் ஊர் ஏன் மதிக்கப் போகிறது?

எங்கள் வகுப்பில் தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர்தான். நான், சண்முகம், அப்புறம் சுலைமான். சுலைமான் நெசவாளர் வீட்டுப் பையன். அவன் வாப்பாவுக்குத் தென்காசியில் தறி இருந்தது. சண்முகம் பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்குகூடச் சுலைமான் பேச மாட்டான். எதையாவது யோசித்தால் கை விரல்கள் சும்மா இருக்காது. கிடைத்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பான்.

அவரவர் குப்பி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் குப்பியை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

காலையில் ஆஸ்பத்திரிக் குழாயடியில் பார்த்தால் கூட்டமாக நின்று குப்பி கழுவிக்கொண்டிருப்பார்கள். அரிஷ்டக் குப்பி, கூந்தல் தைலக் குப்பி, யாரோ குடித்துவிட்டுப் போட்ட பிராந்திக் குப்பி என்று எல்லாம் இருக்கும். முக்கால்வாசி தவிட்டு நிறம். மூடி தொலைந்திருந்தால் காகிதத்தைச் சுருட்டி அடைத்துக்கொள்வார்கள். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து மிக்சரை ஊற்றுவார். வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஒரு காகிதத் துண்டை ரம்பப் பல் போல வெட்டிக் குப்பியின் பக்கவாட்டில் ஒட்டுவார்.

குடிக்கிற மருந்துக்கும் இதே குப்பிதான், மேலுக்குத் தேய்க்கிற மருந்துக்கும் இதே குப்பிதான்.

வயிற்றுக்கு ஒரு வெள்ளை மிக்சர் கொடுப்பார்கள். மூட்டு வலிக்குத் தேய்க்க டர்பன்டைனும் சூடமும் சோப்பும் கலந்த தைலம் கொடுப்பார்கள். அதுவும் பால் போல வெள்ளைதான். இரண்டையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். தைலக் குப்பியில் 'மேல் பூச்சுக்கு மட்டும்' என்று சின்னதாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும், அதுவும் இங்கிலீஷில். எண்ணெய்க் கை நாலு தடவை பட்டால் அந்தச் சீட்டும் போய்விடும்.

சுலைமானின் உம்மா

முழு ஆண்டுப் பரீட்சை நெருங்கிய சமயம், சுலைமான் திடீரென்று ஊருக்குப் போனான். திரும்பி வந்தவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை. சண்முகம் விடாமல் நச்சரித்து நச்சரித்துக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தான்.

அவன் உம்மா வயிற்று மருந்து என்று நினைத்து முழங்கால் தைலத்தைக் குடித்துவிட்டார்கள். விளக்கு வைக்கிற நேரம். இரண்டு குப்பியும் ஒரே மாடக்குழியில் இருந்திருக்கிறது. மிக்சர் கசக்கும் என்று எல்லாரையும் போல மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. தொண்டை வெந்துபோய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் குரல் போய்விட்டது.

"உம்மா என் பேரச் சொல்லிக் கூப்பிட வாயத் தெறக்காங்க. சத்தம் வரல" என்றான் சுலைமான். "கிளாசுல மொதல் மார்க்கு வாங்குத பய. எங்க வீட்டு மாடத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல."

எனக்கு அழுகை வந்தது. சண்முகத்துக்குக் கோபம் வந்தது. உடனே பத்திரிகைக்கு எழுத வேண்டும், அமைச்சரைப் பார்க்க வேண்டும் என்று குதித்தான்.

சுலைமான் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏலே, என்ன வேணும்னாலும் செய்வோம். ஆனா எங்க உம்மா பேரு எங்கேயும் வரக் கூடாது. அவங்களக் கொண்டு சந்தியில நிறுத்த மாட்டேன். சத்தியம் பண்ணு."

இரண்டு பேரும் சத்தியம் செய்து கொடுத்தோம்.

மைதாப் பசை

மதுரையில் நாங்கள் மாணவர்களாகச் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். அதுவரை அந்தச் சங்கம் செய்த பெரிய காரியம், வழியனுப்பு விழாவில் பாதாம் அல்வா போட்டது. சுலைமான் விஷயம் எங்களைக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த லீவில் குற்றாலத்தில் ஒரு முதலுதவிக் கொட்டகை போடலாம் என்று முடிவானது. ஓய்வு பெற்ற ஒரு டாக்டர் காலை நேரம் வந்து உட்காரச் சம்மதித்தார். மருந்து கொடுப்பது எங்கள் பொறுப்பு.

குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு இரண்டே வியாதிதான். பாறையில் வழுக்கி விழுந்து கால் சுளுக்கிக்கொள்வார்கள். குளித்துவிட்டுப் பசியில் புரோட்டாவை அளவில்லாமல் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வார்கள். ஆகவே எங்கள் கொட்டகையில் போன மருந்தும் இரண்டுதான், வெள்ளைத் தைலமும் வெள்ளை மிக்சரும். பல பேர் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

தைலக் குப்பிக்கு நாங்கள் தமிழில் சீட்டு எழுதினோம். 'இது தடவ மட்டும். குடிக்காதீர்' என்று கொட்டை எழுத்தில், சிவப்பு மையில். நானும் சண்முகமும் உட்கார்ந்து எழுதித் தள்ளினோம். மைதாப் பசை காய்ச்சி, வரிசையாகக் குப்பிகளில் ஒட்டி அடுக்கிவிட்டு, உலகத்தைத் திருத்திவிட்ட நினைப்பில் தூங்கப் போனோம்.

காலையில் வந்து பார்த்தால் எல்லாச் சீட்டும் தரையில் கிடந்தன. சாரல் காற்றில் பசை காயவே இல்லை. தென்காசியில் பிறந்து வளர்ந்த மூன்று பேர், சீசனில் குற்றாலத்தில் காகிதம் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. டாக்டர் வந்து, மை வழிந்து சிவந்து கிடந்த தரையைப் பார்த்து, "என்னப்பா, இங்கன கெடா வெட்டினீங்களா?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சுலைமான் ஒன்றும் பேசாமல் தென்காசிக்குப் பஸ் ஏறினான். மத்தியானம் திரும்பி வரும்போது அவன் கையில் ஒரு கத்தை சிவப்பு நூல் இருந்தது. தறியில் கழிந்த நூல். ஒரு தைலக் குப்பியை எடுத்தான். கழுத்தைச் சுற்றி நூலைக் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று முடிச்சுப் போட்டான். குப்பியை என் கையில் கொடுத்தான்.

"கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாரு."

பார்த்தேன். கழுத்தில் விரல் பட்டதும் முடிச்சு உறுத்தியது.

"இருட்டுலயும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாட்டாலும் தெரியும். தண்ணி பட்டா இன்னும் இறுகும்" என்றான். அந்த வாரம் முழுக்க அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

கண்ணில் ஒற்றிக்கொண்டவர்

எங்கள் ஆனந்தம் மறுநாள் காலை வரைக்கும்தான். ராயகிரியிலிருந்து வந்த ஒரு விவசாயி, சுளுக்குக்குத் தைலம் வாங்கினார். நூல் கட்டிய குப்பியை இரண்டு கையாலும் வாங்கி, பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூடியைத் திறந்தார்.

சண்முகம் பாய்ந்து பிடித்தான். "அண்ணாச்சி! என்ன செய்யுதீரு?"

"சாமி கயிறு கட்டிக் குடுத்திருக்கீகளே, ஒரு வாய் இங்கனயே குடிச்சிருவோம்னு பாத்தேன்" என்றார் அவர்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நூலைத் தூர எறியச் சொன்னார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. சிவப்புக் கயிற்றைக் கண்டால் கும்பிடுகிற ஊரில், அதை அபாயத்துக்கு அடையாளமாக வைத்தால் எப்படி?

வழி அந்த விவசாயியிடமிருந்தே கிடைத்தது. பயந்துபோய் அவர் குப்பியில் கட்டியிருந்த நூலை அவிழ்த்துவிட்டார். பிறகு, "அப்ப இத எதுக்குக் கட்டுதீக?" என்று கேட்டார். நான் சொன்னேன். குடிக்கக் கூடாது என்பதற்காக என்றேன். அவர் யோசித்தார். நூலைத் திரும்ப எடுத்து, தானே குப்பியில் கட்டினார். ஒவ்வொரு முடிச்சுக்கும், "குடிக்கப்படாது, குடிக்கப்படாது, குடிக்கப்படாது" என்று சொல்லிக்கொண்டே கட்டினார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து நாங்கள் நூல் கட்டுவதை நிறுத்திவிட்டோம். நூலை நோயாளியின் கையில் கொடுத்தோம். அவரே கட்ட வேண்டும், கட்டும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சில பேர் வெட்கப்பட்டார்கள். சில பேர் "இது என்ன பள்ளிக்கூடமா?" என்று எரிந்து விழுந்தார்கள். கட்டாமல் போக யாரையும் நான் விடவில்லை. அந்த வேலைக்கு என் குணம் ரொம்பப் பொருத்தம் என்று சண்முகம் சொன்னான்.

அண்ணாச்சி கொடுத்த நேரம்

கொட்டகை சீசன் முடிந்தால் பிரித்துவிடுவார்கள். எங்களுக்கும் காலேஜ் திறந்துவிடும். ஊரில் உள்ள கடைகளும் ஆஸ்பத்திரிகளும் இதைச் செய்தால்தான் சுலைமான் உம்மாவைப் போல இன்னொருத்தி குடிக்காமல் இருப்பாள். அதற்குச் சங்கம் தீர்மானம் போட வேண்டும். அந்த வருடம் விட்டால் மறு சீசன்தான்.

வேலாயுதம் அண்ணாச்சியை அவர் கடையில் போய்ப் பார்த்தோம். நிற்க வைத்தே பேசினார்.

"படிச்சு முடிச்சிட்டு வாங்க. மாணவருக்குச் சங்கத்துல என்ன சோலி? நாங்க மீச மொளைக்கதுக்கு முன்னாலேந்து குப்பியில மருந்து ஊத்துதோம். ஒருத்தனும் மாத்திக் குடிச்சதா நான் கேள்விப்பட்டதில்ல. சூட வாசன மூக்கத் தொளைக்கும்லா! மூக்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். சுலைமான் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

எங்களுக்கு உதவி செய்தது மேற்கே பெய்த மழைதான். சங்கத்துக்காரர்கள் குற்றாலத்துக்கு வந்து இரண்டு நாள் ஆசை தீரக் குளித்தார்கள். கூட்டத்தன்று அருவியில் வெள்ளம் வந்து, யாரையும் குளிக்க விடவில்லை. சீட்டு விளையாட வெளிச்சம் இல்லை. கோழி வேக நேரம் இருந்தது. பொழுது போகாமல் அண்ணாச்சியே கொட்டகைக்கு ஆள் அனுப்பினார். "அந்தப் புள்ளைகள வரச் சொல்லு, என்னமோ சொல்லணும்னாங்களே."

ஜலதோஷம்

அப்படித்தான் நான் அந்தக் கூடத்தில் இரண்டு குப்பிகளோடு நின்றேன்.

சண்முகம் எழுதி வைத்திருந்த பேச்சு ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. குடிக்கிற மருந்தும் தடவுகிற மருந்தும் ஒரே மாதிரிக் குப்பியில் இருக்கிறது, மாற்றிக் குடித்தால் ஆபத்து, தடவுகிற குப்பிக்கு வாங்குகிறவரையே சிவப்பு நூலால் மூன்று முடிச்சுப் போடச் சொல்லுங்கள் என்று சுருக்கமாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் முதுகு வியர்த்துவிட்டது.

"செவப்பு நூலு கட்டினா விசம்னு நெனச்சு எவன் வாங்குவான்?" என்றார் ஒருவர்.

"மூணு முடிச்சா? குப்பிக்குக் கல்யாணமா?" என்றார் இன்னொருவர். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

அண்ணாச்சி கையமர்த்தினார். "சிரிக்காதீங்கவே. பாப்பா, நான் அன்னைக்கே சொன்னேன்லா? மூக்கு இருக்கு. மூக்குக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல."

'பாப்பா' என்றாரே, அங்கேதான் எனக்குப் பயம் தெளிந்தது.

"சரி அண்ணாச்சி" என்றேன். இரண்டு டம்ளர் கேட்டு வாங்கினேன். ஒன்றில் மிக்சர், ஒன்றில் தைலம். அரையிருட்டில் இரண்டும் ஒரே வெள்ளை. அவர் முன்னால் போய் நீட்டினேன். "மூக்கால பாத்துச் சொல்லுங்க. எது குடிக்கது?"

அவர் முதல் டம்ளரை மோந்தார். இரண்டாவதை மோந்தார். திரும்ப முதலாவதை மோந்தார். 'ப்ர்ர்' என்று மூக்கைச் சிந்தித் துண்டால் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் உள்ளே போகவில்லை. இரண்டு நாளாக அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டு நின்ற மூக்கு அது.

பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவருக்கும் அடைப்பு. அதற்கடுத்தவர் டம்ளருக்குள்ளேயே தும்மினார். டம்ளர்கள் வரிசையாகக் கைமாறிப் போயின. கூடம் முழுக்க உறிஞ்சலும் செருமலும்தான். தென்காசி வட்டாரத்தின் அத்தனை மருந்துக்கடைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தன, அடைக்காத மூக்கு ஒன்றுகூட இல்லை. பின்வரிசையில் யாரோ "நம்ம சங்கத்துக்கே மருந்து குடுக்கணும் போலிருக்கே" என்றார். இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம் இருந்தது.

டம்ளர்கள் திரும்பி வந்தன. தலைவர் அல்லவா, விட்டுக்கொடுப்பாரா? ஒன்றைத் தூக்கினார். "இதுதான் மிக்சர். பிப்பர்மிண்டு வாட வருது" என்று சொல்லி உதட்டுக்குக் கொண்டுபோனார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஊர்ப் பெரியவரை, அத்தனை பேர் பார்க்க, ஒரு பெண் கையைப் பிடித்து நிறுத்துவது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை.

"அண்ணாச்சி, அது டர்பன்டைன்."

சிரிப்பு நின்றது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

சுலைமான் எழுந்தான்

ஆனாலும் மனிதர் லேசில் மடங்குகிறவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, சளி புடிச்சவனுக்குத் தெரியலன்னே வச்சுக்கிடுவோம். நான் கேக்கது ஒண்ணுதான். நம்ம பக்கத்துல யாராவது மாத்திக் குடிச்சிருக்காங்களா? ஒரு ஆளச் சொல்லு. ஒரே ஒரு ஆள். தீர்மானம் போட்டுருதேன்."

ஆள் உண்டு. பெயர் தெரியும், வீடு தெரியும். ஆனால் சத்தியம் செய்திருந்தேன். சண்முகம் வாசலில் தவித்துக்கொண்டு நின்றான். குரல் இருந்திருந்தாலும் அவனும் சொல்லியிருக்க மாட்டான்.

"பாத்தியா? இல்லல்லா?" என்றார் அண்ணாச்சி. சில பேர் இலை போட எழுந்தார்கள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"எங்க உம்மா குடிச்சாங்க."

பின்னால் சுவரோரம் சுலைமான் எழுந்து நின்றிருந்தான். அவன் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சாங்க, அண்ணாச்சி. நீங்க, நாங்க, எல்லாரும் அப்படித்தான குடிக்கோம்? பொறவு மூக்கு எங்கன வேல செய்யும்? நாலு மாசமா வீட்டுல சத்தம் இல்ல. வாப்பா தறிச் சத்தம் மட்டுந்தான். நான் மருந்து படிக்கப் போன பய. என் வீட்டுலயே நடந்துட்டு. இன்னும் யார் வீட்டுல நடக்கணும்?"

இலை போட எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுலைமானிடம் போனார். அவன் தோளில் கை வைத்தார்.

"அன்னைக்குக் கடையில நிக்க வச்சுப் பேசுனேனே, அப்பவே சொல்லியிருக்கலாம்லா, மக்கா?"

அவர் கையை நீட்டினார். "நூலக் குடு."

தைலக் குப்பிக்கு அவரே கட்டினார். முதல் முடிச்சு வழுக்கிக்கொண்டு போனது. சுலைமான் விரலைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தான். மூன்று முடிச்சும் விழுந்ததும் குப்பியை உயர்த்திக் கூடத்துக்குக் காட்டினார்.

"தீர்மானம் எழுதுங்கவே. தடவுத மருந்து எதுவானாலும், கழுத்துல செவப்பு நூல் இல்லாம எந்தக் கடைய விட்டும் வெளிய போகக் கூடாது. வாங்குதவன் கையாலயே கட்ட வைக்கணும். பொறவு இன்னொண்ணும் எழுதுங்க. அடுத்த வருசத்துலேந்து கூட்டத்துல இந்தப் பிள்ளைகளுக்கு நாற்காலி போடணும். நிக்க வச்சுப் பேச வைக்கக் கூடாது."

கை தட்டினார்கள் பாருங்கள், ஓட்டின் மேல் விழுந்த மழைச் சத்தமே கேட்கவில்லை. சண்முகம் குரலில்லாமல் கத்தினான். கல்யாணக் கேலி செய்தவர் முதல் பந்தியில் எனக்குத் தன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தார். அந்தக் கோழிக் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். அதற்குப் பிறகு எவ்வளவோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன், அப்படி ஒரு ருசி கிடைக்கவில்லை. என் தங்கை மன்னிக்க வேண்டும், திரும்பவும் சாப்பாட்டுக்கே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சுலைமான் வீட்டுக்குப் போனோம். அவன் உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள். தன் பெயர் சபையில் வந்ததற்குக் கோபித்துக்கொள்வார்களோ என்று சுலைமான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். உம்மா உள்ளே போய், வாப்பாவின் தறியிலிருந்து ஒரு கட்டுச் சிவப்பு நூலை எடுத்து வந்து எங்கள் நடுவில் வைத்தார்கள். உரசுகிற குரலில், "கடைக்கெல்லாம் குடு" என்றார்கள். குரல் திரும்ப ஆரம்பித்திருந்தது. மார்கழிக்குள் நன்றாகவே பேசினார்கள். சுலைமானைத் திட்டவும் செய்தார்கள்.

ஆலங்குளத்தில் ஏறியவள்

மறு வருடம் கிறிஸ்துமஸ் லீவு. பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் தங்கிவிட்டுத் தென்காசி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஆலங்குளத்தில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் பீடி இலைக் கட்டு, கையில் ஒரு துணிப்பை. பஸ் ஒரு திருப்பத்தில் குலுங்கியதில் பை சரிந்து இரண்டு குப்பிகள் உருண்டன.

நான் குனிந்து எடுத்தேன். இரண்டும் தவிட்டு நிறம். ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல், மூன்று முடிச்சு.

ஆலங்குளம் எங்கே, எங்கள் குற்றாலக் கொட்டகை எங்கே? அந்தச் சங்கத்தின் எல்லைகூட இந்த ஊர் வரை எட்டாது. ஒன்றும் தெரியாதவள் போல நூல் கட்டிய குப்பியைக் காட்டி, "இது வயித்து மருந்தா அக்கா? எனக்கும் காலையிலேந்து வயிறு சரியில்ல. ஒரு வாய் குடிச்சுக்கிடட்டா?" என்று கேட்டேன்.

அவள் வெடுக்கென்று குப்பியைப் பிடுங்கினாள்.

"ஏளா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? செவப்பு நூலு கட்டியிருக்குல்லா! இதக் குடிச்சா தொண்ட வெந்து செத்துப்போவ. படிச்ச புள்ள மாதிரி இருக்க, இதுகூடத் தெரியாதா?"

என் விரலைப் பிடித்து முடிச்சின் மேல் வைத்து அழுத்தினாள். "தொட்டுப் பாரு. மூணு முடிச்சு. குடிக்கப்படாது, குடிக்கப்படாது, குடிக்கப்படாது. நல்லா ஞாபகம் வச்சுக்க."

"யார் அக்கா சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

"இத ஒருத்தன் வந்து சொல்லிக் குடுக்கணுமாக்கும்?" என்றாள் அவள். "இது நம்ம ஊரு வழக்கம்லா. எங்கம்ம காலத்துலேந்தே இருக்கு."

"சரிக்கா. இனி மறக்க மாட்டேன்" என்றேன்.

அவளுக்கு என் மேல் அப்போதும் நம்பிக்கை வரவில்லை. பாவூர்ச்சத்திரத்தில் இறங்குகிற வரைக்கும் அந்தக் குப்பியை எனக்கு எட்டாத பக்கமாகவே வைத்துக்கொண்டு வந்தாள்.